இலவசமாகக் கொடுக்கட்டும், கேட்டுக் கொடுக்கட்டும்

கேள்வி:

எனக்கு 26 வயது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் நான்தான் உட்காருகிறேன், தார் சுற்றுவதும் நான்தான். ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது ஆகிறது.

பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது. மறுநாள் காலையில்தான் நர்ஸ், "உனக்கு லூப் வெச்சிருக்கு, பயப்படாதே" என்று சொன்னார். வலியில் கிடந்தபோது யாராவது கேட்டார்களா, நான் தலையாட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் உதிரப்போக்கு நிற்கவே இல்லை. எடுத்துவிடுங்கள் என்று போனால், "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், சரியாயிடும். அடுத்தது உடனே வந்துட்டா என்ன பண்ணுவே?" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டோம்.

இப்போது மெடிக்கலில் ஆணுறை வாங்குகிறோம். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் இவருக்குக் கூச்சம். கையில் காசு இல்லாத மாதம் வாங்குவதும் இல்லை. தேதி நாலு நாள் தள்ளிப்போனால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்காவோ, "ரெண்டாவதைப் பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோ, தொல்லை விட்டுது" என்கிறார்.

டி.வி.யில் செய்தி ஓடும்போது ஒருநாள் மச்சாண்டார் சொன்னார்: "இதையெல்லாம் அரசாங்கம் ஏன் ஓசியில கொடுக்கணும்? நாலு பேர் கட்டுற வரிப் பணம். வேணும்னா காசு போட்டு வாங்கிக்கட்டும். இப்பவே ஊர்ல புள்ளைங்க கொறைஞ்சு போச்சு, பெத்துக்கோங்கன்னு முதலமைச்சரே சொல்லியாச்சு." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசு இதை இலவசமாகக் கொடுப்பது சரியா? சரி என்றால் நான் போய் என்ன கேட்கலாம்? குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து கட்டாயமா என்றும் சொல்லுங்கள். என் ஓரகத்திக்காகக் கேட்கிறேன்.

- பெயர் வேண்டாம், சின்ன காஞ்சிபுரம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சரிதான். அரசு கொடுக்க வேண்டும், காசு வாங்காமல் கொடுக்க வேண்டும், கேட்டு வருகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. மச்சாண்டாரின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன், உங்களுக்கு லூப் வைத்த விஷயத்தைப் பேசியாக வேண்டும். இலவசம் என்ற பெயரில் நம் ஊரில் என்ன கோளாறு நடக்கிறது என்பது முழுக்க அதற்குள் இருக்கிறது.

பிரசவம் ஆன கையோடு, அல்லது 48 மணி நேரத்துக்குள், லூப், அதாவது காப்பர்-டி, வைப்பது நல்ல முறை. மருத்துவத்தில் அதற்கு ஆட்சேபம் இல்லை. 380ஏ என்ற வகை பத்து ஆண்டு வேலை செய்யும், 375 என்ற வகை ஐந்து ஆண்டு. கைக்குழந்தையோடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்பதால் பல பெண்கள் விரும்பியே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதைப் பற்றிய பேச்சு கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே நடந்திருக்க வேண்டும். இடுப்புவலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் சம்மதம் கேட்கக் கூடாது என்பது அரசே வகுத்த வழிமுறை. பிரசவ வார்டில் பல காலம் வேலை பார்த்தவள் நான். இந்த மேஜையில் ஒருத்தி, அடுத்த மேஜையில் கத்திக்கொண்டு இன்னொருத்தி, நடுவில் கையுறை மாற்றிக்கொண்டிருக்கும் டியூட்டி டாக்டர். அந்த நேரத்தில் "லூப் வெச்சிடலாமா?" என்ற கேள்விக்கு வரும் 'ம்'மைச் சம்மதம் என்று படிவத்தில் எழுதுவது நியாயம் இல்லை. உங்களுக்கு நடந்தது தவறு. நினைவில்லையே என்று நீங்கள் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஏன் இப்படி நடக்கிறது? கருத்தடைக்கு மேலிடத்திலிருந்து இலக்கு நிர்ணயிப்பதை மத்திய அரசு 1996-லேயே கைவிட்டது. பெயர் போனதே தவிர, மாதாந்திரக் கூட்டத்தில் "உங்கள் நிலையத்தில் எத்தனை?" என்று கேட்பது நிற்கவில்லை. அந்த எண்ணிக்கையின் அழுத்தம் டாக்டர் வழியாக நர்ஸுக்கும், நர்ஸ் வழியாக மேஜையில் படுத்திருக்கும் உங்களுக்கும் வந்து சேர்கிறது. எடுக்கச் சொன்னபோது திருப்பி அனுப்பியதும் அதனால்தான். வைத்ததைக் கணக்கில் காட்டுகிறோம், எடுத்ததை யார் பாராட்டப் போகிறார்கள்?

வைப்பது எப்படி இலவசச் சேவையோ அப்படித்தான் எடுப்பதும். காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெரும்பாலோருக்கு, வெளியே தெரியும் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும், ஓரிரு நிமிட வேலை. உங்கள் விஷயத்தில் காரணமும் இருந்தது. காப்பர்-டி வைத்த முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு கூடுவது உண்டு. ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும் உடம்பு அதைத் தாங்காது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள். மூன்று மாதம் உதிரம் போகிறது என்று வந்தவருக்கு ஹீமோகுளோபின் பார்த்திருக்க வேண்டும். இதுவரை பார்க்கவில்லை என்றால் இப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மச்சாண்டாரின் வரிக் கணக்கு.

வரி கட்டும் நாலு பேரில் நீங்களும் ஒருவர். சோப்பு வாங்கும்போதும், குழந்தைக்குச் செருப்பு வாங்கும்போதும், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதும் கட்டுகிறீர்கள். அதை விடுங்கள். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, அதிலும் பெரும்பங்கு அரசு ஆஸ்பத்திரியில். அந்தப் பிரசவத்துக்கும், தேவைப்பட்டால் சிசேரியனுக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வார்மரில் வைத்துக் காப்பாற்றுவதற்கும் அரசு செலவு செய்கிறது. யாரும் தவறு என்று சொல்வதில்லை. ஒரு குழந்தை பிறந்து குறைந்தது இரண்டு ஆண்டு கழித்தே அடுத்த கர்ப்பம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குள் தரித்தால் தாயின் இரும்புச்சத்து ஈடாவதில்லை, குழந்தை எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தை இலவசமாகப் பார்க்கிற அரசு, அந்த இடைவெளிக்கான மாத்திரைக்கு மட்டும் காசு கேட்பது கணக்காகவும் சரியில்லை, மனிதத்தன்மையாகவும் சரியில்லை.

காசு போட்டு வாங்கட்டும் என்பவர்கள் தறி வீட்டு வரவை யோசித்துப் பார்க்க வேண்டும். சேலை அறுத்தால்தான் கூலி. அது வாரக் கணக்கில் இழுக்கும், பாவு தாமதமானால் இன்னும் இழுக்கும். கூலி வந்ததும் முதலில் அரிசிக் கடைக்காரருக்கு, பிறகு வாடகைக்கு, பிறகு வட்டிக்கு. கர்ப்பமோ கூலி வரும் தேதி பார்த்துத் தரிப்பதில்லை. "கையில் காசு இல்லாத மாதம் வாங்குவதில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலவசம் எதற்கு என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

இதை நம் நாடு நேற்று கண்டுபிடிக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் தேசியத் திட்டமாக உலகிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நாடு இந்தியா, 1952-ல். ஆணுறையை நாட்டிலேயே தயாரிக்க 1966-ல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1968-ல் 'நிரோத்' மூன்று ஆணுறை 15 காசு என்று கடைகளுக்கு வந்தது. புரூக் பாண்ட், லிப்டன் போன்ற தேயிலைக் கம்பெனிகளின் விற்பனை வண்டிகளே அதைப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதையே சும்மா கொடுத்தார்கள். பிரிட்டனில் 1974 முதல் வயது, திருமணம் எதையும் கேட்காமல் அரசு மருத்துவத்தில் கருத்தடை இலவசம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஏப்ரலில்தான் அந்த முடிவுக்கு வந்தது. அந்த வகையில் நாம் பல பணக்கார நாடுகளுக்கு முன்னோடி. ஆகவே, இலவசம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நம் ஊரில் என்றோ தீர்ந்துபோன ஒன்று. எதை இலவசமாகக் கொடுக்கிறோம், யார் உடம்பில் கொடுக்கிறோம் என்பதுதான் தீரவில்லை.

முன்பு சொன்ன அதே குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் திருமணமாகி வாழும் பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். நாட்டின் சராசரியே சுமார் 38தான். மனைவிக்குப் பதிலாகக் கணவர் செய்துகொண்டது? தமிழ்நாட்டில் 0.1 சதவீதம், ஆயிரம் வீட்டில் ஒரு வீடு. மாத்திரை, ஆணுறை, ஊசி எல்லாம் சேர்ந்தாலும் அந்த 58-க்குப் பக்கத்தில் வராது. பந்தியில் இலையை விரித்துவிட்டு ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைப்பது போலத்தான் நம் இலவசக் கருத்தடை நடந்துகொண்டிருக்கிறது.

அறுவைச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை போதும் என்று முடிவு செய்தவருக்கு அது பாதுகாப்பான, நிம்மதியான வழி. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பது இவ்வளவு குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. என் வருத்தம் வேறு. இருபது வயதில் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிரசவம், இருபத்தைந்து இருபத்தாறில் ஆபரேஷன் என்று ஒரே தடத்தில் பெண்களை நடத்திவிட்டோம். நடுவில் மூச்சு விட, தேதியைத் தானே குறித்துக்கொள்ள, ஒரு வேலையோ படிப்போ முடிக்க, மாத்திரையும் ஊசியும் ஆணுறையும் இருக்கின்றன என்பதை உட்கார வைத்துச் சொல்வதற்கு ஆள் இல்லை. "ரெண்டாவதைப் பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோ" என்ற நர்ஸ் அக்கா கெட்டவர் அல்ல. அவருக்குப் பழகிய வழி அது ஒன்றுதான்.

உங்கள் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை ஆபரேஷனில் பெண்ணுக்கு வயிற்றைச் சிறிதாகவேனும் திறக்க வேண்டும். மயக்க மருந்து, தையல், அப்புறம் ஓய்வு. தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கும் வேலைக்கும், குனிந்து நிமிரும் வேலைக்கும் வயிற்றுத் தசைதான் ஆதாரம் என்பதால் ஓரிரு வாரமாவது அந்தப் பக்கம் போகக் கூடாது. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்றால் சேலையே நின்றுபோகும், அவருடைய கூலியும் சேர்ந்து நிற்கும். அரசு தரும் ஈட்டுத்தொகை அந்த இழப்புக்குப் பக்கத்தில் வராது.

ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாத வாசக்டமியில் கத்தியே வைப்பதில்லை. விதைப்பையின் தோலில் ஊசித் துளை அளவுக்கு ஒரு திறப்பு, மரத்துப்போக மருந்து, சில நிமிட வேலை, தையல் கிடையாது. இரண்டு நாள் ஓய்வெடுத்து லேசான வேலையைத் தொடங்கலாம். ஒரு வாரம் பாரம் தூக்காமல், சைக்கிள் மிதிக்காமல் இருந்தால் போதும். ஈட்டுத்தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்கு அதிகம். விந்து போகும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போவது, அது குறைவதே இல்லை. ஒன்றே ஒன்றை மறக்கக் கூடாது: மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும். கோர்வை நெய்யும் வீட்டில் இரண்டில் எது தறியைக் குறைவாக நிறுத்தும் என்று நீங்களே சொல்லுங்கள். பிள்ளை போதும் என்ற நாள் வரும்போது வீட்டுக்காரரோடு இதைப் பேசுங்கள்.

ஆண்கள் எப்போதும் இப்படி ஒதுங்கி நிற்கவில்லை. 1950-களின் பின்பாதியில், ஆர்.ஏ. கோபாலசாமி தலைமைச் செயலாளராக இருந்தபோது, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுக்கத் தொடங்கிய மாநிலம் நம் சென்னை மாநிலம். அப்போது பெரும்பாலும் வந்தவர்கள் ஆண்கள். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள். அவற்றில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோனார்கள், சம்பளத்தை நிறுத்தினார்கள், ரேஷன் கார்டைக் காட்டி மிரட்டினார்கள். 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை, பாரம் முழுவதையும் பெண்கள் மேல் ஏற்றிவிட்டது. பெண்கள் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டார்கள் என்ற நம்பிக்கை போலும்.

அந்தப் பாரத்தின் விலை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் தெரிந்தது. பூட்டிக்கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், சில மணி நேரத்தில், ஒரே அறுவை மருத்துவர் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த முகாமுக்கு வந்த பெண்களில் 13 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் எல்லோரும் இலவசச் சிகிச்சைக்கு வந்த ஏழைப் பெண்கள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. இலவசம் என்பதற்காகத் தரம் குறையலாம், கேட்காமல் செய்யலாம் என்று நினைக்கும் அதிகாரி எவருக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

'பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு வருகிறேன். மச்சாண்டார் சொன்னது இல்லாததல்ல. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில், அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், முன்பு அவசரப்படாதீர்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறோம் என்ற பொருளில் பேசினார். மக்கள்தொகையை வைத்து மக்களவைத் தொகுதிகளைப் பிரித்தால் தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்று பார்த்தால், 1970-களின் தொடக்கத்தில் நான்கை ஒட்டி இருந்த தமிழ்நாடு ஐந்தாவது கணக்கெடுப்பில் 1.8-க்கு வந்துவிட்டது. சொன்னதைச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்ற கோபம் நியாயமானது. ஆனால் தொகுதிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய இடம் நாடாளுமன்றம். அதைச் சரிசெய்ய 26 வயதுப் பெண் ஒருத்தி தன் ரத்தசோகையோடு இன்னொரு பிரசவத்துக்குத் தயாராக வேண்டும் என்று கேட்பதை ஒரு மருத்துவராக என்னால் ஏற்க முடியாது.

ஈரானில் நடந்ததைச் சொல்கிறேன். 1980-களின் இறுதியில் அந்த நாடு ஜனத்தொகையைக் குறைக்க முடிவு செய்து, கிராமத்துச் சுகாதார மையம் வரை கருத்தடையை இலவசமாக்கியது. ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கு மேல் இருந்தது, 2000 வாக்கில் இரண்டை ஒட்டி வந்தது. பிறகு ஆட்சியாளர்களுக்குப் பிள்ளைகள் நிறைய வேண்டும் என்று தோன்றியது. 2012-ல் அந்தத் திட்டத்துக்குப் பணம் நிறுத்தப்பட்டது. 2021-ல் அரசு நிலையங்களில் இலவசக் கருத்தடை கொடுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பணக்காரப் பெண்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். எண்ணிக்கைக்காகக் கொடுக்கிற அரசு எண்ணிக்கை மாறினால் பிடுங்கிக்கொள்ளும்.

ஆகவே, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற காரணம் முக்கியம். அண்ணா பிறந்த ஊர்க்காரரான மச்சாண்டாருக்கு, அண்ணாவின் தலைவரைக் கொண்டே பதில் சொல்லலாம். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானம் 1930-ல் அரசு கருத்தடை மையம் திறந்த காலத்தை ஒட்டிய பேச்சு அது. மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்கு, குடும்ப வறுமைக்கு, நாட்டின் பொருளாதாரத்துக்கு என்று கருத்தடையை ஆதரித்தார்கள். அவர் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, பெண் விடுதலையாக, தன் இஷ்டப்படி வாழ அது வேண்டும் என்றார். தொண்ணூறு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, அந்த ஒரு காரணம்தான் ஜனத்தொகை கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நிற்கிறது. மூன்று பிள்ளை வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால் பெற்றுக்கொள்ளட்டும். அவளுக்கும் நடுவில் இடைவெளி விடக் கருத்தடை தேவைப்படும்.

சரி, நீங்கள் போய்க் கேட்க வேண்டியவை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். காப்பர்-டி ஒத்துக்கொள்ளாத உங்களுக்கு நான் முதலில் சொல்வது 'சாயா' மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது. கடையில் 'சஹேலி' என்ற பெயரில் 1991 முதல் இருக்கிறது, அரசுத் திட்டத்தில் 2016-ல் சேர்ந்தது. மாதவிலக்கின் முதல் நாளில் முதல் மாத்திரை. அன்று ஞாயிறு என்றால் அடுத்தது புதன். இப்படி மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று. தாய்ப்பால் கொடுத்தாலும் சாப்பிடலாம். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், உதிரம் குறையும். அண்மையில் மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்ப்பார்கள்.

தினம் ஒன்று என்று போட முடியுமானால் 'மாலா-என்'. ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மாத்திரை டப்பாவை மாமியார் கண்ணில் படாமல் வைக்க இடமில்லாத வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். அடுத்த குழந்தைக்கான தேதியை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். ஆணுறையும் அங்கே இலவசம். பல நிலையங்களில் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளச் சுவரில் பெட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரின் கூச்சத்துக்கு அது நல்ல மருந்து. பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை மட்டுமே.

அவசர மாத்திரையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணுறை கிழிந்துபோனால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருந்துச் சீட்டு தேவையில்லாத மாத்திரைதான், ஆனாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றில் பல ஆண்டுகளாக அதை வைப்பதே இல்லை. அதனாலேயே அரசு நிலையத்தில் அது இருப்பு இருந்தாக வேண்டும். கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி வந்து கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கருத்தடை தவறிப்போனால் கருவைக் கலைக்கும் உரிமையில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தடுப்பு மாத்திரைக்கு மட்டும் எதற்குப் பேதம்?

"ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வாங்க" என்று சொல்லக்கூடும். எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள், அதுவரைக்கும் ஆணுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு இரண்டு மூன்று மாதத்துக்கான சாயாவைத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திவிட்டு வர முடியாது என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம்.

ஓரகத்திக்கான பதில்: வீட்டுக்காரர் கையெழுத்து கட்டாயம் இல்லை. மத்திய அரசின் விதிமுறை முக்கியமாகக் கேட்பது, பெண்ணுக்குத் திருமணமாகி 22 முதல் 49 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும், தமிழில் உள்ள சம்மதப் படிவத்தைப் படித்தோ படிக்கக் கேட்டோ அவரே கையெழுத்திட வேண்டும் என்பவைதான். அறுவை அறைக்குள் போன பிறகும் வேண்டாம் என்று எழுந்து வரலாம். அதற்காக வேறு எந்தச் சிகிச்சையையும் மறுக்க முடியாது. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று யாராவது திருப்பி அனுப்பினால், பொறுப்பு மருத்துவரைப் பார்த்து, எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். அங்கேயும் பதில் வராவிட்டால் அங்கிருந்தே 104-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.